பழுதான டகுமார்: சுங்கை சிப்புட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய வேக லென்ஸில் (பெரிய துளை வழியே நிறைய ஒளியை உள்ளே விடும் லென்ஸில்) பழுது என்றதும் இரண்டு குரல்கள் எழும். ஒன்று, தூக்கிப் போடு என்னும். மற்றொன்று, பழுதுதான் அழகு என்று கொண்டாடும். இரண்டுமே லென்ஸைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பேசுகிற குரல்கள். ஐம்பது, அறுபது ஆண்டு வயதான லென்ஸில் நான்கைந்து குறைகள் சேர்ந்தே குடியிருக்கும். அவற்றில் சில படத்தைக் கெடுக்கும். சில, இருட்டில் எடுத்து புஷ் செய்த (குறைவான ஒளியில் எடுத்து, ஈடாக டெவலப்பரில் கூடுதல் நேரம் வைத்த) கறுப்பு வெள்ளை பிலிமுக்குக் கைகொடுக்கும். எது எந்த வகை என்று பிரித்தறிந்த பிறகுதான் துடைப்பதா விடுவதா என்று முடிவு செய்ய முடியும். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு குடும்பத்தின் லென்ஸை அப்படிப் பிரித்துப் பார்த்து, அதைக் கொண்டே ஒரு தோட்டத்தைப் படமெடுத்த விவரம் இது.

லென்ஸும் ஊரும்

லென்ஸ், அசாஹி நிறுவனத்தின் சூப்பர் டகுமார் 50 மி.மீ., எஃப் 1.4 (எஃப் எண் ஒளி நுழையும் துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது). ஸ்பாட்மாட்டிக் கேமரா வெளிவந்த 1964-இல் அறிமுகமான வரிசை. முதலில் எட்டுக் கண்ணாடிகளோடு வந்தது, சில ஆண்டுகளுக்குள் ஏழு கண்ணாடி வடிவத்துக்கு மாறியது. எங்களிடம் வந்தது ஏழு கண்ணாடி வகை. எம்42 திருகு மரையில் பூட்டுவது. அதே காலத்து ஸ்பாட்மாட்டிக் உடலும் கூடவே வந்தது.

இதன் உரிமையாளர் சுங்கை சிப்புட் பட்டணத்தில் நெடுங்காலம் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர். வார நாளில் அடையாள அட்டைக்கான படம், சனி ஞாயிறுகளில் கல்யாணம், திருவிழாக் காலத்தில் தோட்டம் தோட்டமாகப் போய்க் கோயில் படம் என்று ஓடிய தொழில். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அடியில் இருக்கும் இந்த ஊரை நாடு இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறது. 1948 ஜூன் மாதம் இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பிறகு, தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், இவ்வூர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். இப்போது பெரும்பாலும் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாகிவிட்டன. ரப்பர் மரம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சின்னத் தோட்டங்களில்தான்.

பெரியவரின் மகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவருடைய வேண்டுகோள் தெளிவாக இருந்தது. அப்பா ஆண்டுதோறும் படமெடுத்த தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதியையும், விடியலுக்கு முன் நடக்கும் ரப்பர் பால்வெட்டையும் அப்பாவின் லென்ஸிலேயே, பிலிமிலேயே எடுத்துத் தர வேண்டும். கோயிலைச் சுற்றி ஆள் குடியிருக்கும் காலம் இன்னும் எத்தனை ஆண்டு என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில் இதைவிட நியாயமான வேண்டுகோள் வேறொன்று இருக்க முடியாது.

இரண்டுமே இருட்டுக் காரியங்கள். ஃபிளாஷ் கூடாது என்பது கோயில் நிர்வாகத்தின் விருப்பம், என் விருப்பமும் அதுவே. ஆகவே வேக லென்ஸ் தேவை. இருக்கிற வேக லென்ஸோ பழுது.

வந்து சேர்ந்தபோது

பல வருடம் தோல் உறைக்குள் அலமாரியில் கிடந்திருக்கிறது. நம் நாட்டின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பது விழுக்காட்டை ஒட்டியே நிற்கும், அறுபதைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்கு வசதி. தோல் உறை அந்த ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். உறையை முதலில் பிரித்து வேறிடத்தில் வைக்க வேண்டும் என்பதைத் தோட்டப்புறத்தில் பழைய கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

லென்ஸின் பின்புறத்திலிருந்து கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். முன்பகுதியின் உட்பரப்பில் பூஞ்சண இழைகள். துளையைத் திறந்து மூடும் துளைத் தகடுகளை ஒட்டிய பரப்புகளில் எண்ணெய் ஆவி படிந்த மெல்லிய மங்கல். வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தால் சாயத் தேநீரின் நிறம். குவிய வளையம் கிரீஸ் காய்ந்து இறுகிக் கிடந்தது.

கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்றும் இருக்கக்கூடும் என்பதால் ஒரு சோதனைச் சுருள் எடுத்தோம். பள்ளியின் செங்கல் சுவருக்கு நேரெதிரே முக்காலியில் கேமராவை வைத்து எஃப் 1.4, 2.8, 5.6 ஆகியவற்றில் படம், பிறகு கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே வரிசை. நெகட்டிவில் ஒரு பக்கம் மட்டும் செங்கல் விளிம்புகள் மழுங்கியிருந்தன. கேமராவைக் கவிழ்த்தபோது மழுங்கலும் சுவரின் எதிர்ப்பக்கத்துக்கு மாறியது. சுவர் கோணலாக இருந்திருந்தால் மழுங்கல் சுவரின் அதே இடத்தில் நின்றிருக்கும். கேமராவோடு சேர்ந்து நகர்ந்ததால் குற்றம் லென்ஸுக்குள். எப்போதோ எவரோ பிரித்துப் பூட்டியதில் ஒரு கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சோதனைக்கு ஒரு சுருள் பிலிம் போதும். சந்தையில் பழைய லென்ஸ் வாங்கும் பலர் பூஞ்சணத்துக்கு அஞ்சுகிறார்கள், சாய்வைத் தேடுவதே இல்லை. எனக்குச் சாய்வுதான் மிக மோசமான குறை. பூஞ்சணமும் மங்கலும் படம் முழுவதற்கும் ஒரே மாதிரி வரி விதிக்கும். சாய்வு பாரபட்சம் காட்டும். வரிசையில் நிற்கும் ஆறு பேரில் வலது ஓரத்தில் நிற்பவரின் முகத்தை மட்டும் அழித்துவிடும்.

மஞ்சளும் தோரியமும்

ஏழு கண்ணாடி டகுமாரில் பின்பகுதிக் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்திருக்கிறது. ஒளியை வலுவாக வளைக்க வேண்டும், ஆனால் நிறங்களைச் சிதறடிக்கக் கூடாது என்ற இரட்டைத் தேவைக்கு அக்காலத்தில் கிடைத்த விடை அது. தோரியத்தின் கதிரியக்கம் ஆண்டுக்கணக்கில் கண்ணாடியின் உள்ளமைப்பில் சிறு சேதங்களை உண்டாக்க, அவை நீல ஒளியை விழுங்கத் தொடங்குகின்றன. மஞ்சள் நிறம் அப்படி வருவது. புற ஊதா ஒளி பட்டால் அந்தச் சேதங்கள் பெருமளவு ஆறிவிடும். தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1400 கோடி ஆண்டுகள் என்பதால் மஞ்சள் மெல்ல மெல்லத் திரும்பவும் வரும்.

தோரியம் என்றதும் டீச்சரின் முகம் மாறியது. பேராக்கில் அது பாடப்புத்தகச் சொல் மட்டும் அல்ல. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1980-களில் அரிய மண் ஆலையின் தோரியக் கழிவுக்கு எதிராக மக்கள் நீதிமன்றம் வரை போனார்கள், 1994-இல் ஆலை மூடப்பட்டது. அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்க நான் தயாராக இல்லை, பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தேன். கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்கும் தோரியமும் திறந்த வெளியில் கொட்டிய கழிவும் ஒன்றல்ல. அதன் ஆல்ஃபா கதிர்களைக் காகிதத் தாளே நிறுத்திவிடும். கேமராவில் பூட்டி இயல்பாகப் படமெடுப்பவருக்குக் கிடைக்கும் கதிர் அளவு மிகச் சிறிது. செய்யக் கூடாதவை சில உண்டு: அந்தக் கண்ணாடியைத் தேய்த்துப் பட்டை தீட்டக் கூடாது, உடைந்தால் தூளைக் கையாளக் கூடாது, கண்ணோடு ஒட்டிப் பூதக்கண்ணாடியாகப் பயன்படுத்தக் கூடாது, நாளெல்லாம் சட்டைப் பையில் சுமக்கக் கூடாது.

மஞ்சளை முழுக்க நீக்க வேண்டுமா என்பதில் பெரியவருக்கும் எனக்கும் ஒத்த கருத்து: வேண்டாம். கறுப்பு வெள்ளைக்கு அது இலவச மஞ்சள் ஃபில்டர். தீயின் ஒளியிலும் பழைய குண்டு பல்பின் ஒளியிலும் நீலம் முன்பே குறைவு, எனவே அங்கே மஞ்சளால் இழப்பது சொற்பம். எல்இடி தலைவிளக்கு வேறு விஷயம். அதன் வெள்ளை ஒளி ஒரு வலுவான நீல முனையைச் சார்ந்தது, மஞ்சள் லென்ஸ் சரியாக அதையே வெட்டும். இன்று பால்வெட்டுக்குப் போகிறவர்கள் தலையில் கட்டுவது எல்இடிதான். ஆகவே பாதி அளவுக்கு வெளுக்க வைப்பது என்று முடிவு செய்தோம். நம் ஊர் வெயிலில் லென்ஸைக் காயவைப்பதை நான் ஏற்பதில்லை. கிரீஸ் இளகித் துளைத் தகடுகளில் எண்ணெய் படரும், குவிந்த கதிர் எதையாவது பற்றவைக்கவும் கூடும். நகப்பூச்சு உலர்த்தும் புற ஊதா விளக்கை ஓர் அழகு நிலையத்திலிருந்து இரவல் வாங்கி, பின்பக்கத்தை விளக்குக்குக் காட்டி வைத்தோம். சில நாட்களில் தேநீர் நிறம் வைக்கோல் நிறமாக இறங்கியது. அங்கே நிறுத்தினோம்.

ஸ்பாட்மாட்டிக்கின் மீட்டர் லென்ஸ் வழியே வரும் ஒளியையே அளப்பதால் மஞ்சள் விழுங்கும் பங்கைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கைமீட்டர் வைத்திருப்பவர் தாமே ஈடு கொடுக்க வேண்டும். அந்த மீட்டருக்குரிய பாதரச பேட்டரி இப்போது கிடையாது. ஆனால் அதன் மின்சுற்று மின்னழுத்த வேறுபாட்டைத் தாங்கும்படி அமைந்தது, சில்வர் ஆக்சைடு பேட்டரியே போதும்.

துடைத்ததும் துடைக்காததும்

ஈப்போவில் உள்ள பழுதுபார்ப்பவரிடம் மூன்று வேலைகள் கொடுத்தோம்: பூஞ்சணமும் எண்ணெய் மங்கலும் நீக்குவது, சாய்ந்த கண்ணாடியை நேராக உட்கார வைப்பது, குவிய வளையத்துக்குப் புது கிரீஸ். பூஞ்சணத்துக்கு அவர் பயன்படுத்தியது ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்த நீர். அந்த வாசனையைப் பெரியவர் உடனே அடையாளம் கண்டார். பால் கட்டிவிடாமல் இருக்கத் தோட்டத்துப் பால் ஸ்டோரில் ஊற்றுவதும் அதே அம்மோனியாதான்.

இழைகள் போயின. அவை சுரந்த அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சில் விட்ட தடம் போகவில்லை. ஒரு பரப்பில் நரம்போட்டமாகப் பூச்சு அரித்துப்போயிருக்கிறது, அதை எந்தத் திரவமும் திருப்பித் தராது. வேறொரு லென்ஸிலிருந்து கண்ணாடியை எடுத்து மாற்றித் தருவதாகப் பழுதுபார்ப்பவர் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். வேறு லென்ஸின் கண்ணாடி இந்த உடலுக்குள் அதே மையத்தில் உட்காரும் என்பதற்கு உறுதி கிடையாது. அரித்த பூச்சைக் கொடுத்துப் புதிய சாய்வை வாங்குவது மோசமான வியாபாரம்.

இதைவிட முக்கியமான இரண்டாவது காரணமும் உண்டு. இந்த ஆய்வு முழுதும் நிற்பது அதன் மேல்தான்.

அரித்த பூச்சு ஒளியைச் சிதறடிக்கும். சிதறிய ஒளி படம் முழுவதிலும் மெல்லிய திரையாகப் பரவும். இதன் விளைவைக் கணக்காகப் பார்ப்போம். காட்சியின் பிரகாசமான பகுதிகளால் எல்லா இடத்திலும் 1 அலகு திரை பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர ஒளி 20 அலகு உள்ள முகம் 21 ஆகும், கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. 1 அலகு மட்டுமே உள்ள கூரையடி நிழல் 2 ஆகும், அது முழுதாக ஒரு ஸ்டாப் ஏற்றம் (ஒளி இரட்டிப்பாவது ஒரு ஸ்டாப்). பிலிமுக்கு ஒரு வாசல் உண்டு. அந்த அளவுக்குக் கீழே வரும் ஒளி எதையும் அது பதிவதில்லை. பிலிமைப் புஷ் செய்யும்போது உயர்வது நடுத்தர ஒளியும் வெளிச்சமும்தான், நிழல் பெரும்பாலும் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடும். திரை அந்த நிழலைத் தூக்கி வாசலைத் தாண்ட வைக்கிறது. பிலிமை முன்கூட்டியே மெல்லிய ஒளியில் காட்டி வைக்கும் பழைய இருட்டறை வித்தையும் இதே வேலையைத்தான் செய்தது. இலவசம் கிடையாது. 1 அலகும் 2 அலகுமாக இருந்த இரு நிழல்கள் 2, 3 என்று மாறும்போது அவற்றுக்கிடையே இருந்த ஒரு ஸ்டாப் இடைவெளி அரை ஸ்டாப்பை ஒட்டிச் சுருங்கிவிடும். நிழலில் விவரம் வரும், அழுத்தம் வராது.

திரை எவ்வளவு கனம் என்று பார்க்க உள்ளே கறுப்புத் துணி ஒட்டிய பெட்டியில் துளையிட்டு, வெயில் படும் வெள்ளைச் சுவர் முன் வைத்துப் படமெடுத்தோம். நெகட்டிவில் அந்தத் துளை, படச் சட்டத்துக்கு வெளியே உள்ள வெற்று ஓரத்தைப் போலவே தெளிவாக இருக்க வேண்டும். சுத்தமான வேறோர் எம்42 லென்ஸில் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. டகுமாரில் துளைக்குள் வெளிர் சாம்பல் படிந்திருந்தது. பழுதுபார்ப்புக்கு முன் எடுத்த நெகட்டிவில் அது இன்னும் கனமாக இருந்தது. எண்ணெய் மங்கல் போனதால் திரை குறைந்து, பூச்சு அரிப்பால் மீதி நின்றது. அந்த மீதியை வைத்துக்கொண்டோம்.

எஃப் 1.4-இல் தெரியும் மென்மை வேறு வகை. விளிம்பு வழியே வரும் கதிர்களும் மையக் கதிர்களும் ஒரே புள்ளியில் சேராத கோளப்பிறழ்ச்சி அது, வயதால் வந்ததன்று, பிறவிக் குணம். துளையைச் சுருக்கினால் மறையும். ஆனால் சுருக்கும்போது சிறந்த குவியம் சற்றே பின்னால் நகரும். கிட்டத்தில் எடுக்கும்போது இது பிடிபடும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.4-இல் ஒரு மீட்டர் தொலைவில் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே மூன்று சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், இரண்டு மீட்டரில் பதின்மூன்று வாக்கில். ஆகவே எஃப் 2-இல் எடுக்கப் போகிறோம் என்றால் துளையை எஃப் 2-க்கு மூடிய பிறகே குவியம் பார்த்தோம். ஸ்பாட்மாட்டிக்கின் மீட்டர் பொத்தான் துளையைச் சுருக்கியே காட்டும் என்பதால் இதற்கு வசதி.

பால்வெட்டு

விடியலுக்கு முன், மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருக்கும் குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். சின்னத் தோட்டம் ஒன்றில் மரம் வெட்டும் அக்கா தம் நிரையில் எங்களைக் கூடவே வர அனுமதித்தார். "என் வேகத்துக்கு வாங்க தம்பி, நான் நிற்க மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நிற்கவும் இல்லை.

இங்கே லென்ஸின் குணம் உடனே வெளிப்பட்டது. அக்கா எங்கள் பக்கம் திரும்பினால் நெற்றி விளக்கு நேராக லென்ஸில் பாய்ந்து, திரை கனத்து, படம் முழுதும் சாம்பலாகும். அந்தச் சட்டங்களில் கறுப்பு என்பதே இல்லை, அச்சிடத் தகுதியற்றவை. அவர் மரத்தைப் பார்த்து உளியை இழுக்கும்போது நிலைமை தலைகீழ். விளக்கொளி பட்டையில் பட்டுத் திரும்பி அவர் முகத்தைக் கீழிருந்து தொடுகிறது, ஒளி மூலம் சட்டத்துக்குள் இல்லை, பின்னால் அடுத்த நிரையின் மரங்கள் இருட்டிலிருந்து மெல்ல எழுந்து நிற்கின்றன. சுத்தமான லென்ஸில் எடுத்த ஒப்பீட்டுச் சட்டத்தில் அந்த மரங்கள் இல்லவே இல்லை, நெகட்டிவ் அங்கே வெறுமை.

வெட்டுக்கோட்டில் இறங்கும் வெள்ளைப் பாலை எஃப் 1.4-இல் எடுத்தால் கோளப்பிறழ்ச்சி அதைச் சுற்றி ஒளிவட்டம் கட்டும். பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் உளியின் வேலை மறைந்துவிடும். பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவுகிறார், மரத்தின் தசையைத் தொடாமல் எப்படி நிறுத்துகிறார் என்பதுதான் அந்தத் தொழிலின் நுட்பம். அதை மங்கலாக்கும் அழகு எனக்கு வேண்டாம். வெட்டும் கையை எஃப் 2.8-இலும், முகத்தை 1.4-இலும் எடுத்தோம்.

தீமிதி

பிலிம் இரண்டு இடத்திலும் இல்ஃபோர்டின் கறுப்பு வெள்ளை பிலிமான எச்பி5 பிளஸ், புஷ் செய்து 1600 வேகத்தில். கோயில் முகப்பில் குழல்விளக்கு ஒளியில் எஃப் 1.4-க்கு நொடியில் அறுபதில் ஒரு பங்கு கிடைத்தது. பூக்குழியின் அருகே கணக்கு தடுமாறும். தணல் சட்டத்துக்குள் வந்தால் மீட்டரும் ஏமாறும், திரையும் கனக்கும்.

பெரியவர் நாற்காலியில் அமர்ந்தபடி சொன்ன வழி, பல வருட அனுபவத்தின் சுருக்கம்: "தம்பி, குழியை எடுக்காதீங்க. குழி தெரிந்துவிட்டால் ஆள் தெரிய மாட்டான். இறங்கி வருகிறவன் முகத்தை எடுங்க, தீ முகத்தில் இருக்கும்." குழியின் கடைக்கோடியில், தீ மிதித்தவர்கள் கால் வைக்கும் பால்குழிக்கு அருகில், தணல் சட்டத்தின் கீழ்விளிம்புக்குச் சற்றே வெளியே போகும்படி நின்றுகொண்டோம். கரகம் எடுத்தவரும் பின்னால் வந்தவர்களும் கீழிருந்து எழும் ஒளியில் வந்தார்கள். குழல்விளக்குகளைக் கோயில் தூண் மறைத்தது. தூண் இல்லாத பக்கத்திலிருந்து எடுத்த சட்டங்களில் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் வெண்மை வழிந்து கூட்டத்தையே அழித்திருந்தது.

மீதமிருந்த மஞ்சள் அங்கே ஒரு நல்ல வேலை செய்தது. மஞ்சள் ஃபில்டர் மஞ்சள் பொருளை வெளிறச் செய்யும். விரதம் இருந்தவர்களின் மஞ்சள் உடைகள் இருண்ட கூட்டத்திலிருந்து தெளிவாகப் பிரிந்து நின்றன.

கழுவியது

மைக்ரோஃபென் டெவலப்பரில், நீர் சேர்க்காமல். 1600 வேகத்துக்கு 20 டிகிரியில் 11 நிமிடம் என்பது இல்ஃபோர்டின் கணக்கு. நம் குழாய்த் தண்ணீரோ 27, 28 டிகிரியில் வரும். 20-க்கு இறக்கி அங்கேயே பிடித்து வைக்க ஐஸ் மாளாது. 24-இல் வைத்து ஏழரை நிமிடம் கழுவினோம். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாகும், ஏழரை பாதுகாப்பானது. டெவலப்பர் முதல் கடைசிக் கழுவல் வரை எல்லாம் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகக் கடைசித் தண்ணீரையும் வாளியில் ஆறவைத்தே ஊற்றினோம்.

தேறிய நெகட்டிவ்களில் நிழல் மெலிதாக இருந்தாலும் இருக்கிறது. கூரையடியில் நின்ற பாட்டிகளின் முகங்கள், மரத்தடியில் தூங்கிய குழந்தை, உறுமி அடிப்பவரின் கை. சாதாரண கிரேடு (கறுப்பு வெள்ளை வேறுபாட்டின் அழுத்தத்தைக் குறிக்கும் எண்) தாளில் அச்சிட்டால் சாம்பலாக வரும். மூன்றரை, நான்கு கிரேடில் அச்சிட்டபோது கறுப்பு வந்து அமர்ந்தது. ஸ்கேன் செய்பவர்கள் கறுப்புப் புள்ளியை, அதாவது எந்த அளவைக் கறுப்பாகக் கொள்வது என்பதை, தாங்களே வைத்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்திடம் விட்டால் அது திரையைக் குறையாக எண்ணி மொத்தமாக வெட்டி, நாம் தக்கவைத்த நிழலையும் சேர்த்தே எறிந்துவிடும்.

அச்சுகளில் பெரியவர் அதிக நேரம் பார்த்தது தீமிதிப் படங்களை அல்ல, அக்காவின் உளி பட்டையில் இறங்கும் படத்தைத்தான். ஒரு குறை சொன்னார்: வாளி சட்டத்துக்கு வெளியே போய்விட்டதாம், வாளி இல்லாமல் பால்வெட்டு முழுமையாகாதாம். அடுத்த முறைக்கு அதைக் குறித்துக்கொண்டேன்.

லென்ஸ் இப்போது தோல் உறையில் இல்லை. ஈரப்பதம் நாற்பத்தைந்து விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டியில் இருக்கிறது. அதைவிடக் குறைத்தால் கிரீஸும் கண்ணாடிகளை ஒட்டிய பசையும் காயக்கூடும் என்பதால் அங்கேயே நிறுத்தியிருக்கிறோம்.

பள்ளி விளையாட்டுப் போட்டியை இதே லென்ஸில் வண்ண பிலிமில் எடுக்கலாமா என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன். நடுப்பகல் வெயிலில் வானம் சட்டத்துக்குள் இருக்கும், திரை எதையும் காப்பாற்றாமல் வண்ணத்தை மட்டும் வெளிறச் செய்யும், மீதி மஞ்சள் எல்லாச் சட்டையிலும் ஏறும். எஃப் 8-இல் எடுக்கப் போகும் அந்தப் படத்துக்கு அவரிடம் இருக்கும் சாதாரண 55 மி.மீ. லென்ஸே தாராளம்.